டெபியனின் வழுப் பதிவேடு: ஏழு படி, மூன்று அளவுகோல்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழுப் பதிவேட்டை, அதாவது மென்பொருள் பிழைகளின் (பக்) பட்டியலை, பற்றிக் கேட்டால் பலரும் முதலில் அதன் முகத்தைத்தான் குறை சொல்வார்கள். தொண்ணூறுகளின் வலைப்பக்கம் மாதிரி இருக்கிறது, அழுத்த ஒரு பொத்தான் கிடையாது, எதற்கெடுத்தாலும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கிறது என்பார்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் அதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். எத்தனை வருடம் ஆனாலும் பழகாத ஒன்று உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு வழுவின் தலையிலும் நிற்கும் 'தீவிரம்' என்ற ஒற்றை வரி. இந்த விமர்சனம் ஏறக்குறைய முழுக்க அந்த வரியைப் பற்றியதுதான்.

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். டெபியனில் சில சின்ன பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை, பராமரிக்கிறேன். அதைவிட அதிகமாக, அடுத்தவர்களின் பேக்கேஜ்களில் வழு கண்டுபிடித்து எழுதுகிறேன். இதில் யாருக்கும் சம்பளம் இல்லை. எனக்கு வழு எழுதுகிறவருக்கும் இல்லை, நான் எழுதுவதைத் திருத்துகிறவருக்கும் இல்லை. இதை மறந்துவிட்டால் கீழே சொல்லும் சண்டைகள் எல்லாம் வேலையற்றவர்களின் சண்டை மாதிரி தெரியும்.

முன்பின் அறியாதவர்களுக்கு ஓர் அறிமுகம். டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் டிஸ்ட்ரோ (இயங்குதளத்தையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு), இன்றுவரை தன்னார்வலர்களே நடத்துவது. அதன் வழுப் பதிவேட்டை ஓட்டும் மென்பொருளின் பெயர் டெப்பக்ஸ். முதலில் எழுதியவர் இயன் ஜாக்சன். வழுவின் எண்ணிக்கை 2021-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒரு வழுவை அனுப்ப ஒரு முகவரி, அதன் நிலையை மாற்ற இன்னொரு முகவரி. இரண்டாவது முகவரிக்கு, தீவிரம், வழு எண், புதிய நிலை என்று ஒரே வரியில் எழுதி, அடுத்த வரியில் 'தேங்க்ஸ்' என்று போட்டு அனுப்பினால் மாறிவிடும். அந்த 'தேங்க்ஸ்' மரியாதைக்காக இல்லை, கட்டளை முடிந்தது என்று இயந்திரத்துக்குச் சொல்வது. பதிவேட்டில் நடக்கும் மிகக் கடுமையான வாக்குவாதங்களும் இப்படி நன்றி சொல்லித்தான் முடிகின்றன. எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

தீவிரத்துக்கு ஏழு படிகள். மேலிருந்து கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் வரையறை உண்டு, அதுவே பெரிய விஷயம். பல திட்டங்களில் 'ஹை', 'மீடியம்' என்று பெயரை மட்டும் வைத்துவிட்டு அர்த்தத்தை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. சம்பந்தமில்லாத மற்ற மென்பொருளையோ முழு கணினியையோ கெடுத்தால், பெரிய அளவில் தரவு போனால், நிறுவின மாத்திரத்தில் கணினியில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால், அது கிரிட்டிக்கல். அந்த பேக்கேஜே பயன்படாமல் போனால், அல்லது தரவு போனால், அல்லது அதைப் பயன்படுத்துகிறவரின் கணக்குக்குள் மற்றவர் புக வழி விட்டால் கிரேவ். இதுவரை தெளிவு. இரண்டுமே சேதத்தை அளக்கின்றன.

மூன்றாவது படியில் அளவுகோல் மாறுகிறது. சீரியஸ் என்றால், டெபியன் கொள்கை ஆவணம் 'செய்தே ஆக வேண்டும்' என்று சொல்லும் விதியை மீறியது, அல்லது பராமரிப்பாளரோ வெளியீட்டு மேலாளரோ 'இது வெளியிடத் தகுதியில்லை' என்று கருதியது. இது சேதக் கணக்கு இல்லை, விதிக் கணக்கு. அப்புறம் கீழே இறங்குங்கள். மைனர் என்றால் பயன்பாட்டைப் பாதிக்காதது, 'திருத்துவதும் சுலபமாக இருக்கும்' என்று நம்பத்தக்கது. விஷ்லிஸ்ட் என்றால் புதிய வசதிக்கான கோரிக்கை. கூடவே, வடிவமைப்புக் காரணங்களால் திருத்துவது மிகக் கடினமான வழுக்களும் அங்கேதான் போக வேண்டும். அதாவது அடியில் அளக்கப்படுவது உழைப்பு. மேலே சேதம், நடுவே விதி, கீழே உழைப்பு. ஒரே ஏணியில் மூன்று அளவுகோல். பெரும்பாலான சண்டைகளில் இரண்டு பேரும் ஒரே ஏணியில் நின்றுகொண்டு வெவ்வேறு கோலால் அளந்துகொண்டிருப்பார்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பேக்கேஜில் பதிப்புரிமைக் கோப்பு இல்லையென்றால் சீரியஸ். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், கொள்கை 'கட்டாயம்' என்கிறது, முடிந்தது. கட்டளைக்கு மேன் பக்கம் (கையேட்டுப் பக்கம்) இல்லையென்றால் அது 'இருக்க வேண்டும்' என்ற அளவில் நிற்கும் விதி, அதனால் கீழே போய்விடும். ஒரு நிரல் அச்சுப் பொத்தானை அழுத்தியதும் சாகிறது என்றால், மற்றதெல்லாம் ஓடுவதால், பெரும்பாலும் இம்பார்ட்டன்ட் தாண்டாது. அச்சிட முடியாத பயனருக்கு இதை விளக்கிப் பாருங்கள். யாரும் படிக்காத உரைக் கோப்பு இல்லாதது வெளியீட்டையே நிறுத்தும், என் வேலை நின்றுபோனது நிறுத்தாதா என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். விதியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, பதிப்புரிமை விவரம் இல்லாமல் பேக்கேஜை விநியோகிப்பது சட்டப்படியே சிக்கல். ஆனால் 'தீவிரம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு அந்த நியாயத்தை யாராலும் ஊகிக்க முடியாது.

மூலநிரலிலிருந்து பேக்கேஜைக் கட்ட (உருவாக்க) முடியாமல் போவதும் இதே கதைதான். உங்கள் கணினியில் நிரல் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். புதிய கம்பைலர் வந்ததும் யாரோ மொத்தக் களஞ்சியத்தையும் மறுபடி கட்டிப் பார்ப்பார்கள், உங்கள் பேக்கேஜ் கட்டாது, ஒரு சீரியஸ் வந்து விழும். நானும் வாங்கியிருக்கிறேன். அந்த மின்னஞ்சல் வரும்போது முதலில் எரிச்சல்தான் வரும். பிறகு யோசித்தால், கட்ட முடியாத பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் கொடுக்க முடியாதே என்று உறைக்கும். இதில் எனக்கு விதியோடு சண்டை இல்லை. கட்டும்போது ஓடி, எப்போதாவது மட்டும் தோற்கும் சோதனை விஷயத்தில் சண்டை உண்டு. பத்துத் தடவை கட்டினால் ஒரு தடவை விழுகிறது என்றால் அது கட்டுகிறதா, கட்டவில்லையா? வரையறை இதற்குப் பதில் சொல்லாது.

சரி, ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். பிரச்சினை என்னவென்றால், மேல் மூன்று படிகளுக்கும் பல் இருக்கிறது. அவற்றை வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் என்பார்கள், பேச்சுவழக்கில் ஆர்சி. புதிய ஆர்சி வழுவோடு வரும் பதிப்பு புதியவை முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிளிலிருந்து, அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்குக்குப் போகாது. ஏற்கெனவே டெஸ்டிங்கில் இருக்கும் பேக்கேஜில் ஆர்சி வழு திருத்தப்படாமல் கிடந்தால், முக்கியப் பட்டியலில் இல்லாத பேக்கேஜ் என்றால், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தானாகவே நீக்கிவிடுவார்கள். அதை நம்பி நிற்கும் மற்ற பேக்கேஜ்களும் கூடவே போகும். எனவே இம்பார்ட்டன்ட்டுக்கும் சீரியஸுக்கும் இடையில் இருப்பது ஒரு படி உயரம் மட்டும் இல்லை. ஒரு பக்கம் 'நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்', மறுபக்கம் 'இந்த மாதமே பார், இல்லையென்றால் உன் பேக்கேஜ் வெளியே'. சம்பளமில்லாத ஒருவரின் வார இறுதியை இன்னொருவர் ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்கலாம். வழு எழுதுகிறவர் 'எனக்கு எவ்வளவு வலிக்கிறது' என்று எழுதுகிறார். பராமரிப்பாளர் 'உன் ஓய்வு எனக்குச் சொந்தம்' என்று படிக்கிறார்.

இங்கே ஒரு ரகசியமும் உண்டு, தெரிந்தவர்களுக்கு ரகசியம் இல்லை. அந்த வழுவுக்கு யாராவது ஒரு பதில் அனுப்பினாலே நீக்கக் கெடு தள்ளிப்போகும். அதனால் நீக்க நாள் நெருங்கும்போது 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்ற மின்னஞ்சல்கள் முளைக்கும். பாதி உண்மை, பாதி கெடு தள்ள.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு சண்டையைச் சொல்கிறேன். பேக்கேஜின் பெயர் வேண்டாம். ஒலிப்பதிவுக்கான ஒரு நிரல், புதிய பதிப்பு வந்ததும் ஒருவருக்குத் திறந்தவுடனே விழுந்தது. அவர் கிரேவ் என்று எழுதினார், காரணம் 'பேக்கேஜ் பயன்படவில்லை'. பராமரிப்பாளர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார், ஓடியது. பழைய அமைப்புக் கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி நார்மலுக்கு இறக்கினார். அவர் ஏற்றினார். இவர் இறக்கினார், இந்த முறை 'மீண்டும் நிகழ்த்த முடியவில்லை' என்ற குறிச்சொல்லையும் சேர்த்து. வரும் மின்னஞ்சல்களில் வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே போயின, கடைசியில் கட்டளை வரியும் 'தேங்க்ஸ்'ஸும் மட்டும்தான் மிச்சம்.

முடித்துவைத்தவர் மூன்றாவது ஆள். அவர் யார் பக்கமும் சேரவில்லை. ஒரே ஒரு தகவலைச் சொன்னார்: இப்போதைய ஸ்டேபிளில், அதாவது கடைசியாக வெளியான டெபியன் பதிப்பில், இந்த நிரலை ஒரு தடவை திறந்தாலே அந்த அமைப்புக் கோப்பு உருவாகிவிடுகிறது. அப்படியென்றால் ஸ்டேபிளிலிருந்து மேலேறும் ஒவ்வொரு பயனருக்கும் இது விழும். புதிதாக நிறுவுகிறவருக்கு விழாது, அதனால்தான் பராமரிப்பாளரின் கணினியில் ஓடியது. சீரியஸ் என்று மாறியது, யாரும் மறுபடி தொடவில்லை, திருத்தமும் வந்தது. இருவரும் பார்த்தது உண்மைதான். யாருக்கெல்லாம் விழும் என்ற கேள்வியை மட்டும் இருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விதான் இம்பார்ட்டன்ட் படியின் வரையறையிலேயே ஒளிந்திருக்கிறது. பயன்பாட்டைப் பெரிதும் பாதிக்கிறது, ஆனால் 'எல்லோருக்கும் முழுவதும் பயன்படாமல்' போகவில்லை என்பது அதன் சாரம். அந்த 'எல்லோருக்கும்' எத்தனை பேர்? ஒரு குறிப்பிட்ட ப்ராசஸர் வகையில் மட்டும் விழுந்தால்? திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் பயன்படுத்துகிறவருக்குச் சாளரம் முழுக்க மௌனமாக இருந்தால்? அவருக்கு அது முழுமையாகப் பயன்படாத பேக்கேஜ். மற்றவர்களுக்கு எதுவுமே ஆகவில்லை. அணுகல் தொடர்பான வழுக்களுக்கு என்று தனிக் குறிச்சொல் இருக்கிறது, ஆனால் குறிச்சொல்லுக்குப் பல் இல்லை. என் கருத்தில் ஏணியின் மிகப் பலவீனமான இடம் இதுதான். பாதிக்கப்படுகிறவர்கள் குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு என்று படிக்க இது வழி விடுகிறது.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது அடுத்த விநோதம். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த எவரும் எந்த வழுவையும் கிரிட்டிக்கல் ஆக்கலாம். கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கும், நடைமுறையில் ஆச்சரியப்படும் அளவுக்கு ஓடுகிறது. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது என்பதோடு அந்த வழுவின் பக்கத்திலேயே நிற்பதால் கூச்சம் வேலை செய்கிறது. உபுண்டுவின் வழுப் பதிவேடான லாஞ்ச்பேடில் இது வேறு மாதிரி: முக்கியத்துவத்தை அந்தத் திட்டத்தின் வழு மேற்பார்வையாளர்கள்தான் வைக்க முடியும். சண்டை குறையும், சந்தேகமில்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் வாசலிலேயே நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் வேடிக்கை உண்டு. 2004-இல் லாஞ்ச்பேடின் முதல் வழுவாக உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் எழுதியது, மைக்ரோசாஃப்டிடம் பெரும்பான்மைச் சந்தை இருக்கிறது என்பது. தீவிரம் கிரிட்டிக்கல். 2013-இல்தான் மூடினார்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவினுடையது. அங்கே பக்ஸில்லா என்ற வழுப் பதிவேட்டில் தீவிரம் ஒரு களம், முன்னுரிமை இன்னொரு களம். வெளியீட்டைத் தடுக்குமா என்பது இரண்டிலும் இல்லை. தடுக்க வேண்டும் என்று நினைப்பவர் முன்மொழிய வேண்டும், எழுதிவைத்த வெளியீட்டு நிபந்தனைகளில் எதை மீறுகிறது என்று காட்ட வேண்டும், பிறகு கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அதனால் 'இது எவ்வளவு மோசம்' என்பதும் 'இதற்காக வெளியீட்டை நிறுத்தலாமா' என்பதும் கலப்பதில்லை. டெபியனில் ஒரே வரி இரண்டு வேலையையும் பார்க்கிறது. கொஞ்சம் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்: வழு சீரியஸாகவே இருக்கட்டும், இந்த வெளியீட்டுக்கு மட்டும் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்ல வெளியீட்டு மேலாளர்களுக்கு மட்டுமான ஒரு குறிச்சொல் உண்டு. நல்ல ஒட்டு. ஆனால் ஒட்டு ஒட்டுதான்.

எண்ணை வைத்தால் சண்டை தீருமே என்று பாதுகாப்பு உலகிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் சிவிஎஸ்எஸ் முறை இருக்கிறதே என்பார்கள். அவர்களுக்கு கர்ல் என்ற கோப்புப் பரிமாற்றக் கருவியின் கதையைத்தான் சொல்வேன். மறுமுயற்சிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற தெரிவில் மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் எண் இடம் கொள்ளாமல் வழிந்து, கேட்டதைவிடக் குறைவாகக் காத்திருக்கும். அவ்வளவுதான். 2019-லேயே திருத்திய இந்தச் சாதாரண வழுவுக்கு 2023-இல், பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் சிவிஇ எண் ஒன்று கிடைத்தது, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஓட்டைத் தரவுத்தளம் அதற்கு 9.8 போட்டது. கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் பகிரங்கமாக மறுத்த பிறகு 3.3 ஆனது. தசமப்புள்ளி வைத்ததால் கருத்து அளவீடு ஆகிவிடாது. டெபியனின் பாதுகாப்புக் குழு தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் எண்ணை அப்படியே ஏற்காமல், சிலவற்றை 'முக்கியமற்றது' என்று தானே குறித்துவைப்பது எனக்கு நல்ல புத்தியாகத் தெரிகிறது.

எந்த ஏணியாலும் பிடிக்க முடியாததும் உண்டு. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க பேக்கேஜில் வந்த ஒரு புகார், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கை கொடுக்கிறது என்பது. நிரலை எழுதுகிறவர்களுக்கு எரிச்சல், மற்ற யாருக்கும் எதுவும் இல்லை. எச்சரிக்கையை நிறுத்தச் செய்த திருத்தம், தற்செயல் எண் உருவாக்கத்தை ஏறக்குறைய செயல் எண்ணை (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) மட்டும் நம்பும் நிலைக்குக் கொண்டுபோனது. 32,768-ஐத் தாண்டாத சாத்தியங்கள். 2008 மே 13 அன்று அறிவிக்கும்வரை அதில் உருவான குறியாக்க விசைகள் ஊகிக்கக்கூடியவை. வழு சின்னது, திருத்தம்தான் பெரும் வழு. மறுபுறம், 2024 மார்ச்சில் டெபியன் அன்ஸ்டேபிளில் எஸ்எஸ்எச் வழியான தொலைநிலை உள்நுழைவு அரை வினாடி தாமதிக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டினார், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவு வெளியே வந்தது. அரை வினாடித் தாமதம் என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால் நானே மைனர் என்று விட்டிருப்பேன், நீங்களும்தான். தீவிரம் என்பது அன்று கண்ணுக்குத் தெரிந்ததன் விவரம். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

சண்டை முற்றினால் எங்கே போவது? தொழில்நுட்பக் குழு இருக்கிறது. ஆனால் ஒரு பராமரிப்பாளரின் முடிவை அது மாற்ற வேண்டுமானால் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். தீவிரச் சண்டைக்காக அங்கே போவது பெரும்பாலும் அதிகப்படி. வெளியீட்டுக் குழுவைக் கேட்பதுதான் குறுக்குவழி, ஏனென்றால் எது ஆர்சி என்பதில் கடைசி வார்த்தை அவர்களுடையது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பதிவேடாக ஐந்துக்கு நாலரை. தீவிர ஏணியின் மேல் மூன்று படிக்கு நான்கு. இம்பார்ட்டன்ட்டுக்கு இரண்டு. நார்மல், மைனர், விஷ்லிஸ்ட்டுக்கு நான் மதிப்பெண் போடப் போவதில்லை, அவற்றை வைத்து யாரும் எதுவும் செய்வதில்லை. பராமரிப்பாளராக என் வேலை வரிசையை நான் அவற்றை வைத்துப் போட்டதே இல்லை. திருத்தத்தையும் இணைத்து வரும் மைனரை அன்று மாலையே முடிப்பேன், விவரமில்லாத இம்பார்ட்டன்ட் வருடக்கணக்கில் கிடக்கும்.

அதிகம் பேர் பேசாத ஒரு பயன்: ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற சின்னக் கருவியை நிறுவிக்கொண்டால், எந்த பேக்கேஜையும் நிறுவும் முன் அதில் இருக்கும் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் வழுக்களைக் காட்டி, தொடரவா என்று கேட்கும். டெஸ்டிங்கோ அன்ஸ்டேபிளோ ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் என்பேன். யாரோ முன்பின் தெரியாதவர் சரியான படியில் எழுதிவைத்ததால் என் கணினி தப்பியது பல முறை. தவறான படியில் எழுதினால் இந்தக் கருவி ஆயிரம் பேரை வீணாகப் பயமுறுத்தும் என்பதும் இதிலிருந்தே புரியும்.

புதிதாக வழு எழுதப் போகிறவர்கள் ரிப்போர்ட்பக் கருவியிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே வந்த வழுக்களைக் காட்டும், பதிப்பு விவரத்தைத் தானே சேர்க்கும், மேல் படிகளைத் தேர்ந்தால் எந்தக் காரணத்தால் என்று கேட்டு அதையும் அறிக்கையில் எழுதும். அந்தக் காரணம்தான் உங்கள் வழக்கு. கோபத்தை அங்கே எழுதாதீர்கள். யாருக்கு விழுகிறது, புதிதாக நிறுவியவருக்கா, மேலேற்றியவருக்கா, எந்த அமைப்பில், தப்பிக்க வழி உண்டா, இவ்வளவையும் எழுதுங்கள். படி தெரியவில்லையென்றால் நார்மலிலேயே விடுங்கள், விவரம் சரியாக இருந்தால் மற்றவர் ஏற்றுவார். பராமரிப்பாளர் இறக்கிவிட்டால், அவர் சொன்ன காரணத்துக்குப் பதிலாக ஒரு புதிய தகவல் இருந்தால் மட்டும் ஒரு முறை ஏற்றலாம். மறுபடியும் இறக்கினால் கட்டளை முகவரியை விட்டுவிட்டு வெளியீட்டுக் குழுவுக்கு எழுதுங்கள்.